மாடி அறையை விடுவதற்கு முன்னால் பீரோவைத் திறங்கள்

கேள்வி: கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்களுக்குச் சொந்த வீடு. நானும் கணவரும் கீழே இருக்கிறோம். மகள் பெங்களூரு போனபின் மாடியில் இரண்டு அறைகள் சும்மா கிடக்கின்றன. ‘ஏர்பிஎன்பி என்ற அறை வாடகைச் செயலியில் போட்டுவிடுங்கள் அத்தை, அனுமதியெல்லாம் யாரும் கேட்பதில்லை’ என்கிறார் மாப்பிள்ளை. ‘சீல் வைத்துவிடுவார்கள்’ என்று பயமுறுத்துகிறார் பக்கத்து வீட்டுக்காரர். யார் சொல்வது சரி? வாசலில் ஒரு பலகை வைக்கலாமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் பக்கம்தான் நான், டீச்சர். செயலியில் நாலு போட்டோ ஏற்றிவிட்டால் அறை விற்பனைக்கு வந்துவிடும், வாஸ்தவம். ஆனால் அது விளம்பரம்தான், அனுமதி இல்லை. நாளைக்கு நகராட்சி ஆள் வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். செயலிக்காரர் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை.

எந்த அலுவலகத்துக்கும் இப்போதே ஓட வேண்டாம். முதலில் பீரோவைத் திறந்து வீட்டின் அனுமதி வரைபடத்தைத் தேடி எடுங்கள். மடிப்பெல்லாம் கிழிந்து, அந்துருண்டை வாசத்தோடு எங்கேயாவது பத்திரக் கட்டுக்குள் கிடக்கும். அதில் நகராட்சி முத்திரை இருக்கிறதா, முக்கியமாக மாடி இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய வீடுகளில் இருக்காது. கீழ்த்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு, கல்யாணம் காட்சி என்று வரும்போது அவசரமாக மேலே இரண்டு அறை எழுப்பியிருப்பார்கள். அல்லது வரைபடத்தில் ‘ஸ்டோர் ரூம்’ என்று இருப்பது, நேரில் போய்ப் பார்த்தால் கட்டில் போட்ட அறையாக இருக்கும்.

சமவெளியில் இதெல்லாம் எப்படியோ ஓடிவிடும், மலையில் ஓடாது. 1990-லிருந்து மலையிடப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது, 1993-லிருந்து மலை நகரங்களுக்கென்றே தனிக் கட்டட விதிகள் இருக்கின்றன. கூடுதல் மாடி கட்டிய பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கு உங்கள் ஊரிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது உங்களுக்கு நினைவிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் உயர் நீதிமன்றம் சொல்லி வரிசையாகச் சீல் வைத்தார்களே, அப்போதும் பேச்சு வரைபடத்தை மீறிக் கட்டியது, குடியிருப்பு என்று வாங்கிவிட்டு லாட்ஜ் நடத்தியது பற்றித்தான். வரைபடத்தில் கோளாறு இருந்தால் அதைச் சரிசெய்ய வழி உண்டா என்று உரிமம் பெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். அது முடியாமல் விருந்தினர் பேச்சே வேண்டாம்.

சரி, வரைபடம் சுத்தமாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் உங்களுக்கு ஒரு பெரிய சாதகம் இருக்கிறது: நீங்கள் அந்த வீட்டிலேயே குடியிருக்கிறீர்கள். ஹோம்ஸ்டே என்பதற்கு உயிரே அதுதான். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை பதிவு செய்யலாம். உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே வசிக்க வேண்டும் என்பது நிபந்தனை. தமிழகச் சுற்றுலாத் துறையிலும் இதற்குத் தனிப் பதிவு உண்டு. ஊரில் ‘காட்டேஜ்’ என்ற பெயரில் நடப்பவற்றில் பாதி இந்த நிபந்தனையிலேயே அடிபட்டுப் போகும். அப்படி ஒன்றில் நானே மாட்டியிருக்கிறேன். வேறொரு மலை ஊர். சாவி பூந்தொட்டிக்கு அடியில், உரிமையாளர் மதுரையில். ராத்திரி பதினொரு மணிக்குக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. காலையில் மினரல் வாட்டரில் பல் தேய்த்துவிட்டு இறங்கினோம்.

மற்ற காகிதங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அறை விடுவதற்கு என்ன உரிமம், குப்பைக்கும் சொத்து வரிக்கும் எந்தப் பிரிவு என்று நகராட்சியில் கேட்க வேண்டும். வீட்டு மின் இணைப்பிலேயே விருந்தினரை வைத்துக்கொள்ளலாமா என்று மின்வாரியத்தில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். பின்னால் அபராதம் வந்தால் அந்தக் காகிதம்தான் பேசும். இட்லி சுட்டுப் போடப்போகிறீர்கள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு. ஜிஎஸ்டி பயம் வேண்டாம்: வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருந்து, செயலி வழியாகவே ஆள் வந்தால் வரியைச் செயலி நிறுவனமே கட்டிவிடும். வருகிறவர்களின் அடையாள அட்டை நகலோடு ஒரு பதிவேடு வையுங்கள். வெளிநாட்டுப் பயணிகள் கூடும் வட்டக்கானல் பக்கத்தில் இருப்பதால் அவர்களும் வருவார்கள். அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்களுடைய விவரத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். மறந்தால் போலீஸ் வாசலுக்கு வரும்.

எந்தப் படிவத்திலும் இல்லாத ஒன்றைத்தான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். டிசம்பர் குளிரில் பார்பிக்யூ அடுப்பு கேட்பார்கள். வெளியே கோழி சுட்டு முடித்ததும், கணகணவென்று இருக்கிறதே என்று அந்தக் கரி அடுப்பை அறைக்குள் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திப் படுத்துவிடுவார்கள். உங்கள் ஊரிலேயே அப்படித் தூங்கி எழாமல் போனவர்கள் உண்டு. கரிப்புகையின் நச்சு வாயுவுக்கு நிறமில்லை, வாசமில்லை. அடுப்பே தராதீர்கள். கேஸ் கீஸர் குளியலறைக்குள் இருந்தால் அதையும் வெளியே மாற்றுங்கள். கூடுதலாக இரண்டு கம்பளி வாங்கிப் போட்டால் போதும்.

மாப்பிள்ளை போடும் கணக்கையும் கொஞ்சம் திருத்த வேண்டும். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. 2025 ஏப்ரல் முதல் சீசனில் வார நாளில் 4,000 வண்டி, வாரக் கடைசியில் 6,000 என்று வரம்பும் வைத்தார்கள். எனவே முன்பதிவின்போதே ‘பாஸ் எடுத்துவிட்டீர்களா’ என்று கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் சனிக்கிழமை ஆள் செக்போஸ்ட்டில் நிற்பார், அறை காலியாக இருக்கும், பணத்தைத் திருப்பிக் கேட்டு உங்களோடு சண்டை நடக்கும். மே மாதத்தில் லாரித் தண்ணீருக்கு ஆகும் செலவையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பலகை. வைக்கலாம், பதிவு எண் கைக்கு வந்தபிறகு. அதற்கு முன்னால் வைத்தால் அதைப் படிக்கும் முதல் ஆள் சுற்றுலாப் பயணியாக இருக்க மாட்டார்.