மடக்குக் கத்தி ஆடுகிறதா? எந்தப் பக்கம் என்று பாருங்கள்

கேள்வி: ஆன்லைனில் 349 ரூபாய்க்கு ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். மாடித்தோட்டத்தில் கயிறு அறுக்க, பார்சல் பிரிக்க, ஆபீசில் கொய்யா நறுக்க. ‘440 ஸ்டீல், டமாஸ்கஸ்’ என்று போட்டிருந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, பிளேடு ஆடுகிறது. விற்றவரைக் கேட்டால் “ஸ்குரூவை டைட் பண்ணுங்க சார்” என்கிறார். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டுகிறது. அப்படியென்றால் போலி ஸ்டீல்தானே? ஆயிரம் ரூபாய்க்குள் நம்பி வாங்குகிற மாதிரி கத்தியே கிடையாதா?
– பெரம்பூர் வாசகர்

பதில்: காந்தத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்காத ஆள் கிடையாது. எவர்சில்வர் பாத்திரம் வாங்கும்போது காந்தம் ஒட்டினால் மட்டச் சரக்கு என்று வீட்டில் சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிவிட்டது. கத்திக்கு அந்தக் கணக்கு தலைகீழ். பழுக்கக் காய்ச்சிப் பதம் போட்டுக் கெட்டியாக்குகிற ஸ்டீலில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். ஒட்டவில்லை என்றால்தான் சந்தேகப்படணும், பாத்திரத் தகட்டில் கத்தி செய்திருப்பார்கள், கூர் நிற்கவே நிற்காது. உங்கள் கத்தி இதில் பாஸ். ஆனால் மட்டமான கத்தி ஸ்டீலும் காந்தத்தில் ஒட்டும் என்பதால் இந்தப் பாஸுக்குப் பெரிய மதிப்பெண் ஒன்றும் இல்லை.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம். எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதை மட்டும் நீங்கள் எழுதவில்லை, பதிலே அதில்தான் இருக்கிறது. கத்தியைத் திறந்து லாக் விழுந்ததும் பிடியை ஒரு கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பிளேடின் முதுகுப் பக்கத்தை மட்டும் பற்றி, முதலில் இடவலமாக அசைத்துப் பாருங்கள், அப்புறம் மேலும் கீழுமாக. இடவலமாக மட்டும் லேசாக ஆடினால் விற்றவர் சொன்னது சரி. பிளேடு சுழல்கிற ஸ்குரூ கழன்றிருக்கிறது. பெரும்பாலும் நட்சத்திரத் தலை ஸ்குரூவாக இருக்கும், ரிட்சி தெருவில் மொபைல் ரிப்பேர் சாமான் விற்கிற கடைகளில் அதற்கான பிட் செட் கிடைக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள், பிளேடு திறக்க முரண்டு பிடித்தால் ஒரு இழை பின்னால் விடுங்கள். சரியான இடம் தெரிந்ததும் ஸ்குரூவைக் கழற்றி, மரையில் நீல லாக்டைட் (ஸ்குரூ கழலாமல் பிடிக்கிற பசை) ஒரு சொட்டு வைத்து மாட்டி, ஒரு நாள் தொடாமல் விட்டால் சுலபத்தில் கழலாது. பசை பிளேடின் பக்கம் வழியக் கூடாது, வழிந்தால் கத்தி திறக்காது.

மேலும் கீழுமாக ஆடினால் கதை வேறு. பிளேடின் அடியும் லாக்கும் ஒன்றோடொன்று சரியாக உட்காரவில்லை, அது தயாரிப்பிலேயே இருக்கிற கோளாறு. உலகத்தில் இருக்கிற எல்லா ஸ்குரூவையும் இறுக்கினாலும் போகாது. திருப்பி அனுப்புங்கள்.

லாக்கையும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். இந்த விலையில் வருகிறவற்றில் பெரும்பாலும் பிடிக்குள்ளே ஒரு மெல்லிய தகடு இருக்கும், பிளேடைத் திறந்ததும் அது உள்ளே நகர்ந்து பிளேடின் அடியில் முட்டுக் கொடுத்து நிற்கும். முட்டுக் கொடுக்கிற அகலம் பிளேடின் தடிமனில் கால்வாசிக்கு மேல், பாதியளவு இருந்தால் நல்லது. ஓரத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு நின்றாலோ, புதுக் கத்தியிலேயே எதிர்ப்பக்கம் வரை போய்விட்டாலோ அந்த லாக்கை நம்பாதீர்கள். பிறகு, பிடியைப் பக்கவாட்டில் பிடித்து, பிளேடு மடங்கினாலும் விரல் நடுவில் சிக்காதபடி வைத்துக்கொண்டு, பிளேடின் முதுகை மர மேஜை விளிம்பில் மெதுவாக அழுத்துங்கள், அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். ஒரே ஒரு முறை வழுக்கி மடங்கினாலும் அந்தக் கத்தியின் கதை முடிந்தது. வீடியோக்களில் முதுகை மேஜையில் ஓங்கி அடித்துக் காட்டுகிறார்களே, அதைச் செய்யாதீர்கள், நல்ல லாக்கும் அதில் கெட்டுப்போகும்.

கத்தியை மடக்கித் தலைகீழாக உதறிப் பாருங்கள். பிளேடு தானாக வெளியே வந்தால் பாக்கெட்டில் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

இனி ஸ்டீல் பெயர். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 440 என்று ஒரே ஒரு ஸ்டீல் கிடையாது, 440ஏ, 440பி, 440சி என்று மூன்று உண்டு. சி-யில்தான் கார்பன் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும், ஏ-யில் அதைவிட நன்றாகக் குறைவு. எழுத்தை விட்டுவிட்டு வெறும் 440 என்று போடுகிறவருக்கு அந்த எழுத்து தெரியாமல் இல்லை. டமாஸ்கஸ் என்கிற அலை அலையான கோலம் இந்த விலையில் அநேகமாக மேலே லேசரில் பொறித்ததுதான். பிளேடின் முதுகை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அடுக்கடுக்காக அடித்த நிஜச் சரக்கு என்றால் கோடுகள் முதுகின் மேலும் ஓடும், உங்களுடையதில் முதுகு மொழுமொழுவென்று இருக்கும்.

இந்த ஊரில் இதைவிடப் பழைய வித்தை ஒன்று உண்டு: “கஸ்டம்ஸில் பிடிச்ச சரக்கு சார், ஏலத்துல எடுத்தது.” பர்மா பஜார், பாரிமுனைப் பக்கம் போனால் காதில் விழும், இப்போது அதே வசனம் வாட்ஸ்அப் குரூப்பில் ஹோல்சேல் என்ற பெயரில் வருகிறது. ஏலத்தில் எடுத்த கத்தி எப்படி வருஷம் முழுக்க, கேட்கிற நிறத்தில், கேட்கிற எண்ணிக்கையில் கிடைக்கும்? ஒரே கத்தியில் ஆளாளுக்கு ஒரு பிராண்ட் ஸ்டிக்கர் ஒட்டி, ஒருவர் 349 என்றும் இன்னொருவர் 1,299 என்றும் விற்பதுதான் நடக்கிறது. சுவிஸ் ராணுவக் கத்தி மாதிரி சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவை போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறவே ஏமாறாதீர்கள், சிவப்புப் பெயிண்ட் எல்லோருக்கும் கிடைக்கும்.

அதனால் நான் முதலில் அட்டைப்பெட்டியைத்தான் திருப்பிப் பார்ப்பேன். 2011-இன் பொட்டலப் பொருள் விதிகளின்படி, இறக்குமதிச் சரக்கில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விலை எல்லாம் இருந்தே ஆகணும். ஆன்லைன் பக்கத்திலும் நாட்டின் பெயரைக் காட்டணும். எத்தனை கத்தியில் இருக்கிறது? சட்டம் எழுதியாகிவிட்டது, எடுத்துப் பார்க்கத்தான் ஆளில்லை. ஆன்லைன் தளத்தைக் கேட்டால் நாங்கள் விற்கவில்லை, இடம்தான் கொடுத்தோம் என்பார்கள், விற்றவரைக் கேட்டால் இறக்குமதியாளர் என்பார், அவருக்குத்தான் முகவரியே இல்லையே. இருந்தாலும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதிந்து எண்ணை வாங்கி வையுங்கள், சும்மா விடுவதைவிட மேல்.

ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் சொல்லணும், ஏனென்றால் நல்ல கத்தியைக் கெட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. பிரான்சின் ஒப்பினெல் மாதிரி மரப்பிடி போட்ட கத்திகள். அதில் உள்தகடு கிடையாது, பிளேடின் கழுத்தில் ஒரு உலோக வளையம், அதைத் திருகினால் லாக். ஐப்பசி, கார்த்திகையில் சென்னை ஈரத்துக்கு மரம் ஊதி, பிளேடை இறுக்கிக் கவ்விக்கொள்ளும், மழைக்காலத்தில் வீட்டுக் கதவு சாத்தமாட்டேன் என்கிறதே அதே சங்கதி. நகம் உடைகிற அளவுக்கு இழுத்தும் திறக்காது. இது கோளாறு இல்லை. வளையம் திறந்த நிலையில் இருக்கிறதா பார்த்துவிட்டு, பிடியின் பின்முனையை மேஜையில் தட்டுங்கள், பிளேடு கொஞ்சம் எட்டிப் பார்க்கும். இடுக்கி வேண்டாம், உப்புத்தாள் போட்டு மரத்தைத் தேய்க்கவும் வேண்டாம், கோடையில் மரம் சுருங்கும்போது லொடலொடவென்று ஆகிவிடும். கழுவினால் உடனே துடைத்துக் காய வையுங்கள். அந்தக் கத்தியில் இந்தப் பிடிவாதத்தை மட்டும் மன்னிக்கலாம்.

ஆயிரத்துக்குள் கிடைக்குமா என்றால், கிடைக்கும். டிராகன், மண்டை ஓடு, கண்ணாடி உடைக்கிற முனை, ஸ்பிரிங்கில் பாய்ந்து திறப்பது, இதெல்லாம் இல்லாத சாதாக் கத்தியாகப் பாருங்கள். அலங்காரம் கூடக் கூட லாக்கில் காசு குறையும். கொய்யாவுக்கும் கயிற்றுக்கும் ‘8சிஆர்13மோவி’ என்று போட்ட ஸ்டீல் தாராளமாகப் போதும். ‘டி2’ கூர் நன்றாக நிற்கும், ஆனால் முழுத் துருப்பிடிக்காத ரகம் இல்லை, கடல் காற்றிலும் பழச்சாற்றிலும் புள்ளி புள்ளியாகத் துரு வரும். ஏர்போர்ட்டில் கைப்பையில் வைத்தால் எந்தக் கத்தியானாலும் பறிபோகும், செக்-இன் பையில் போடுங்கள்.

உங்கள் கத்தி மேலும் கீழுமாக ஆடுகிற ரகம் என்றால், ஆடுவதை வீடியோ எடுத்து, திருப்புகிற கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். கெடு போய்விட்டதா, 349 ரூபாயை மறந்துவிட்டு, பிளேடை மடக்கி டேப் சுற்றிப் பழைய இரும்புக் கடையில் போடுங்கள். ‘எனக்கு வேண்டாம், நீ வெச்சுக்கோ’ என்று வாட்ச்மேனிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அவருக்கும் விரல் பத்துதான்.