மிளகாய் வத்தலும் நியூயார்க் ஒப்பந்தமும்

கே: அண்ணே, பினாங்கு லிட்டில் இந்தியால மசாலா கடை வச்சிருக்கேன். தூத்துக்குடிலேர்ந்து வந்த மிளகாய் வத்தல் மூட்டைய பிரிச்சா உள்ளாற பூரா பூசணம், அனுப்புனவர் காச திருப்பித் தர மாட்டேங்கிறார். இங்க ஜெயிச்சா அங்க செல்லுமா?

ப: தம்பி, மொதல்ல காண்ட்ராக்ட்ட எடுத்துப் பாருங்க, தகராறு வந்தா ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்குப் போகாம நடுவர் வச்சு தீத்துக்கறதுன்னு ஒரு வரி இருந்தா அதான் பெரிய பலம், ஏன்னா ஒரு நாட்டு நடுவர் தீர்ப்ப இன்னொரு நாட்டுல ஏத்துக்கறதுக்கான 1958 நியூயார்க் ஒப்பந்தத்துல இந்தியா 1960லயே சேந்தாச்சு, நம்ம மலேசியா 1985ல, அதனால கோலாலம்பூர்ல நடுவர் குடுத்த தீர்ப்ப இந்தியால உள்ள கோர்ட் மூலமா அமல்படுத்தலாம், கேஸ மறுபடி மொதல்லேர்ந்து நடத்த வேணாம். ஆனா சரக்கு விற்பனைக்குன்னே இருக்கற 1980 வியன்னா ஒப்பந்தத்துல ரெண்டு நாடுமே சேரல, அதனால எந்த நாட்டு சட்டம்னு அடுத்த ஆர்டர்லயாவது கண்டிப்பா எழுதிடுங்க. அந்த மூட்டைய மட்டும் தூக்கிப் போட்றாதீங்க, அதான் சாட்சி.