மைக் செட்காரர் பதில்கள்

(இருபத்தாறு வருஷமாகச் சென்னையில் மைக் செட் வைத்திருக்கிறேன். கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், சபா நாடகம் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசி ஏழெட்டு வருஷமாக, ஒரே ஆள் மைக்கோடு நின்று சிரிக்க வைக்கும் ஸ்டாண்ட்-அப் காமெடி நிகழ்ச்சிகளுக்கும் கூப்பிடுகிறார்கள். அதைப் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று ஆசிரியர் கேட்டிருந்தார். வந்தவற்றில் சில.)

யூடியூபில் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த ஆளை, ஒரு ரிசப்ஷனில் நேரில் பார்த்தேன். சிரிப்பே வரவில்லை. சரக்கு தீர்ந்துவிட்டதா? – ஈரோடு வாசகர்

அந்த மண்டபத்தின் கூரை எவ்வளவு உயரம் என்று பார்த்தீர்களா? நாதஸ்வரம் கேட்பதற்குக் கட்டிய இடம் அது. தரை கிரானைட், சுவர் டைல்ஸ், கூரை இருபது அடிக்கு மேல். பேசுகிறவர் சொல்லும் வார்த்தை ஸ்பீக்கரிலிருந்து ஒரு தடவை வரும், எதிர்ச்சுவரில் மோதி இன்னொரு தடவை வரும். ஜோக்கில் வெடி இருப்பது கடைசி வார்த்தையில். அது குழம்பினால் நீங்கள் பக்கத்து ஆளிடம் "என்ன சொன்னான்?" என்று கேட்பீர்கள். அவர் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் மேடையில் இரண்டு ஜோக் போய்விடும்.

அப்புறம் வெளிச்சம். வீடியோக்காரருக்காக எல்லா விளக்கும் எரியும். எதிரே மாமனார் உட்கார்ந்திருக்கிறார். மாமியார் ஜோக்குக்கு மாப்பிள்ளை எப்படிச் சிரிப்பார்? இருட்டில்தான் மனுஷன் தைரியமாகச் சிரிக்கிறான்.

காமெடி நிகழ்ச்சி என்றால் நான் முதலில் கை வைப்பது மைக்கில் இல்லை, நாற்காலியில். நூறு நாற்காலி போட்டிருப்பார்கள், அறுபது பேர்தான் வருவார்கள் என்று தெரியும். பின்னால் இருக்கும் நாற்பதையும் மடக்கி வெளியே அடுக்கிவிடுவேன். அறுபது பேர் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தால் ஒருவர் குலுங்குவது அடுத்தவருக்குத் தெரியும். அதே அறுபது பேரை நூறு நாற்காலியில் சிதறவிட்டால் ஒவ்வொருவரும் தனியாகப் புன்னகைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஒரு கம்பெனி ஆண்டு விழாவை கிழக்குக் கடற்கரைச் சாலையில் திறந்த புல்வெளியில் வைத்தார்கள். கடற்காற்று. பாதியில் பஃபே திறந்துவிட்டார்கள். காமெடி பேச வந்த பையன் நல்ல பையன், முந்தின வாரம்தான் ஒரு கஃபேயில் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனான். இங்கே அவன் சொன்ன ஒவ்வொரு ஜோக்கும் பிரியாணி வரிசையைத் தாண்டிக் கடலுக்குப் போனது. நாற்பது நிமிஷம் பேச வந்தவன் பதினெட்டு நிமிஷத்தில் நன்றி சொல்லி இறங்கினான். "சுமார்தான்" என்றார் ஏற்பாடு செய்தவர். இடத்தைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான்.

யூடியூபில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. எடிட் செய்கிறவர் நன்றாகச் சிரிக்கிற முகங்களைப் பொறுக்கி நடுநடுவே ஒட்டித் தருகிறார். அதைப் பார்த்து நாமும் சிரிக்கிறோம்.

எல்லா காமெடியன்களும் செங்கல் சுவருக்கு முன்னால் நிற்கிறார்களே, ஏதாவது ராசியா? – பாளையங்கோட்டை வாசகி

ராசி இல்லை, காசு இல்லாததால் வந்தது. நியூயார்க்கில் 1963ல் பட் ஃப்ரீட்மேன் என்பவர் 'இம்ப்ராவ்' என்ற காமெடி கிளப்பை ஆரம்பித்தார். பழைய சுவரைப் பிரித்ததில் செங்கல் தெரிந்தது. மூடிப் பூசப் பணம் இல்லை, அப்படியே விட்டுவிட்டார். அங்கே ஏறியவர்கள் பின்னால் பெரிய ஆட்களானதும் அந்தச் சுவரும் பிரபலமாகிவிட்டது. நான் போகிற ஒரு கஃபேயில் நன்றாகப் பூசிய சுவரின் மேல் செங்கல் படம் போட்ட வால்பேப்பர் ஒட்டியிருக்கிறார்கள். ஏசி ஈரத்தில் ஒரு மூலை உரிந்து தொங்குகிறது.

நிகழ்ச்சி நடக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் செல்போன் டார்ச்சை ஆட்டிக்கொண்டே இருந்தார். எரிச்சலாக இருந்தது. கேட்கலாமா? – வேளச்சேரி வாசகர்

கேட்காதீர்கள், அவர்தான் நடத்துகிறவர். "ஒரு நிமிஷம்தான் இருக்கு, முடிச்சுக்கோ" என்று மேடைக்குச் சொல்கிறார். கட்சிக் கூட்டத்தில் பேச்சாளர் கையில் துண்டுச் சீட்டுக் கொடுப்பார்களே, அதேதான். துண்டுச் சீட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசியவர்களைப் பார்த்திருக்கிறேன். டார்ச்சைப் பார்த்தும் பேசுகிற காமெடியனை அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள்.

இதெல்லாம் இறக்குமதிச் சரக்குதானே? நம்மிடம் இல்லாததா? – கும்பகோணம் வாசகர்

தெருக்கூத்துக் கட்டியங்காரனை மறந்துவிட்டீர்களா? ராஜா வருகிறார் என்று அறிவிப்பதும் அவன்தான், அந்த ராஜாவையே கிண்டல் செய்வதும் அவன்தான். நடுவில் ஊர்த் தலைவரையும் ஒரு இழுப்பு இழுப்பான். கலைவாணர் என்.எஸ்.கே. நந்தனார் கதாகாலட்சேபத்தின் பாணியிலேயே 'கிந்தனார்' நடத்தினார். 1949ல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அது இருக்கிறது, தேடிப் பாருங்கள். பட்டிமன்றத்தில் சாலமன் பாப்பையாவும் லியோனியும் கூட்டத்தைச் சிரிக்க வைத்த மாதிரி இன்றைக்குச் செய்ய எத்தனை பேர் இருக்கிறார்கள்?

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பட்டிமன்றத்தில் சிரிப்பு ஊறுகாய், கடைசியில் தீர்ப்பு என்ற சாப்பாடு வந்தாக வேண்டும். மிமிக்ரிக்காரருக்கு எம்.ஜி.ஆர். குரல் கை கொடுக்கும். விஜய் டிவியில் 2005ல் 'கலக்கப்போவது யாரு' வந்த காலத்திலும் குரல் மாற்றுகிறவர்களுக்குத்தான் மவுசு. ஸ்டாண்ட்-அப்காரருக்கு வேறு யார் குரலும் கிடையாது. "நான், என் அப்பா, என் ஈஎம்ஐ" என்று சொந்தக் கதையோடு நிற்க வேண்டும். அதனால்தான் சிரிப்பு வராதபோது அவருக்கு அவ்வளவு வலிக்கிறது.

ஒரு காமெடியன் நல்லவரா மோசமா என்று நீங்கள் எப்படி எடை போடுவீர்கள்? – திருச்சி வாசகி

மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் பெட்டியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சின்ன விளக்குகள் ஏறி இறங்கும். பேசுகிறவர் வாயை மூடிய பிறகும் பச்சை துடித்தால், கூட்டத்தின் சத்தம் அவர் மைக் வழியாக வருகிறது என்று அர்த்தம். நான் பார்ப்பது அதைத்தான்.

கைதட்டல் என்றால் விளக்கு ஒரே மட்டத்தில் நிற்கும். சிரிப்பு அப்படி நிற்காது. குபீரென்று ஏறும், விழும், லேட்டாகப் புரிந்துகொண்ட பின்வரிசை சேர்ந்ததும் மறுபடி ஏறும். கைதட்டலை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "நம்ம சென்னை!" என்றால் தட்டுவார்கள், அம்மாவைப் பற்றிப் பேசினால் தட்டுவார்கள். நீங்கள் சொல்வது சரி என்பதற்குத் தட்டுகிறார்கள். சிரிப்பில் அந்தச் சம்மதக் கணக்கு இல்லை, பிடிக்காத ஆள் சொன்னாலும் வந்துவிடும்.

கைதேர்ந்தவர் அந்தப் பச்சை முழுதாக அணையும்வரை காத்திருக்க மாட்டார். பாதி இறங்கும்போது அடுத்த வரியை எடுப்பார். புதுசாக வருகிறவர் பயத்தில் சிரிப்பின் மேலேயே ஏறி மிதித்துவிடுகிறார். கூட்டம், அடுத்த வார்த்தை கேட்க வேண்டுமே என்று சிரிப்பை அடக்கிக்கொள்கிறது. அதற்கப்புறம் அடக்கியே பழகிவிடும்.

மொக்கை போட்டால் கத்தி இறக்கிவிடலாமா? காசு கொடுத்துதானே வந்திருக்கிறோம். – பெயர் வேண்டாம், தாம்பரம்

பெயர் வேண்டாம் என்றதிலிருந்தே உங்கள் தைரியம் தெரிகிறது. லண்டனில் 'காமெடி ஸ்டோர்' என்ற கிளப் 1979ல் சோஹோ பகுதியில் ஒரு ஸ்ட்ரிப் கிளப்பின் மாடியில் தொடங்கியது. கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் பெரிய காங் மணியை அடித்து ஆளை இறக்கிவிடுவார்கள். இன்றைக்கும் அங்கே அதற்கென்று தனி இரவு உண்டு. பார்வையாளர்களில் மூன்று பேர் கையில் அட்டை. மூன்றும் உயர்ந்தால் மணி அடித்துவிடும். ஐந்து நிமிஷம் தாக்குப்பிடித்தால் ஜெயித்தார். ஆனால் அங்கே ஏறுகிறவர் மணி இருப்பது தெரிந்துதான் ஏறுகிறார். இங்கே ஏறும் பையனுக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாது.

பிடிக்கவில்லை என்றால் சும்மா இருங்கள். அந்த நிசப்தத்தில் ஏசி சத்தம் மேடைக்குக் கேட்கும். அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

ஓபன் மைக்கில் ஏறுபவர்களுக்குச் சம்பளம் உண்டா? – மதுரை வாசகர்

ஓபன் மைக் என்றால் புதுசாக வருகிறவர்களும் ஏறிப் பார்க்கிற மேடை. சம்பளம் பெரும்பாலும் இல்லை. சில இடங்களில் ஏறுகிறவரே பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் காமெடி ஸ்டோரில்கூட ஒரு காலத்தில் சம்பளம் கிடையாது, "இது பயிற்சிக்கூடம்" என்றார்கள். 1979ல் காமெடியன்கள் ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். பின்னால் அமெரிக்க டிவியில் பெரிய ஆட்களான ஜே லெனோ, டேவிட் லெட்டர்மேன் எல்லாம் வாசலில் நின்றார்கள். அப்புறம்தான் ஒரு தடவை ஏறினால் 25 டாலர் என்று முடிவானது. எனக்கு எந்த ஊரிலும் மைக் வாடகை முன்பணமாக வந்துவிடும்.

வயது 52, வங்கி வேலை. அலுவலகத்தில் நான் பேசினால் எல்லாரும் சிரிக்கிறார்கள். மேடை ஏறலாமா? – சேலம் வாசகர்

தாராளமாக. அலுவலகத்தில் சிரிப்பவர்களில் உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்களைக் கழித்துவிட்டு எண்ணிப் பாருங்கள். மிச்சம் மூன்று பேர் இருந்தாலும் போதும், ஏறுங்கள். நாலைந்து நிமிஷம்தான் கொடுப்பார்கள். பதினைந்து நிமிஷச் சரக்கைக் கொண்டுவந்து வேகமாகப் பேசாதீர்கள். மைக்கை எடுத்ததும் ஸ்டாண்டைத் தூக்கிப் பின்னால் வையுங்கள், இல்லையென்றால் அதற்குப் பின்னாலேயே ஒளிந்து நிற்கத் தோன்றும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் ஊளையிடும்.

இன்னொன்று. ஏறியதும் மைக்கைத் தட்டி "ஹலோ, கேக்குதா?" என்று கேட்காதீர்கள். கேட்கும். போட்டது நான்.