அலமாரியில் இருக்கிற ரவையே போதும், தங்கச்சி

பினாங்குக்கு வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நான்கு வயது முடிகிறது, முட்டை போடாத கேக் வேண்டும், அலமாரியில் ரவை, சர்க்கரை, நெய், கொஞ்சம் மைதா இருக்கிறது, ஓவன் வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே பள்ளிக்கூடம், மாமியார் விசா. அவை இரண்டையும் உங்கள் வீட்டுக்காரர் ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஓவன் வாங்காதீர்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள் முதல் மாதமே வீடு நிறைய சாமான் வாங்கிப் போடுவதையும், இரண்டு வருடத்தில் ஊர் திரும்பும்போது அதையெல்லாம் பாதி விலைக்குத் தள்ளிவிடுவதையும் இருபது வருடமாகப் பார்க்கிறேன். உங்களிடம் பிரஷர் குக்கர் இருக்கும். அது போதும்.

ஆனால் முதலில் இங்கே கடையில் எதற்கு மலாயில் என்ன பெயர் என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் விழுந்தது அங்கேதான். 'தெப்போங் கண்டும்' என்றால் அகராதிப்படி கோதுமை மாவு. பையைப் பிரித்தால் மைதா. சப்பாத்திக்கு ஆட்டா என்றே கேட்க வேண்டும். 'தெப்போங் நாயிக் செண்டிரி' என்பதில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்திருக்கும். அதில் நீங்களும் ஒரு கரண்டி போட்டால் கேக் பொங்கி எழுந்து நடுவில் அமுங்கிவிடும். 'தெப்போங் பூலுட்' ஒட்டரிசி மாவு, அது வேறு வேலைக்கு. 'செர்புக் பெனாயிக்' பேக்கிங் பவுடர், 'சோடா பிகார்போனாட்' ஆப்ப சோடா.

2003-ல் இதே பினாங்கில், பாயான் பாருவில் பதினோராவது மாடியில் குடியிருந்தோம். வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். மகனுக்கு முதல் பிறந்தநாள். அம்மாவைக் கூப்பிட வாங்கி வைத்திருந்த போன் அட்டையில் காசு தீர்ந்துவிட்டது. பவுடர் என்று நினைத்து சோடாவை ஒன்றரைக் கரண்டி போட்டுவிட்டேன். பழுப்பாக, சோப்பு வாசனையோடு ஒரு கட்டி வந்தது. வாயில் வைத்த குழந்தை துப்பிவிட்டது. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

கருகல் வாசனை வந்து கதவைத் தட்டியவர் எதிர்வீட்டு அக்கா. இங்கேயே பிறந்து வளர்ந்தவர், அவருடைய தாத்தா ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். "பசியாறியாச்சா?" என்றார். காலையில் சாப்பிட்டாயா என்பதை இங்கே இப்படித்தான் கேட்பார்கள். எனக்குப் புரியவில்லை, பசிக்கவில்லை அக்கா என்றேன். அதைக் காதில் வாங்காமல் வீட்டுக்குப் போய்த் தோசை கொண்டுவந்து வைத்தார். கேக்கை 'அணிச்சல்' என்றும் அவர் வாயில்தான் முதலில் கேட்டேன். என்ன அழகான சொல்! இவர்கள் தமிழைக் கேலி செய்கிற நம் ஊர்க்காரர்களைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். நம்மவர்கள் பேச்சில் பாதி இங்கிலீஷ் கிடக்கும்போது இவர்களைத் திருத்தப் புறப்படுகிறார்கள். நீங்கள் அப்படி இருக்காதீர்கள்.

அக்கா சொல்லிக்கொடுத்தது சூஜி அணிச்சல். ரவையை வெண்ணெயில் ஊறவைத்து, முட்டை மஞ்சள் கருவும் பாதாம் பொடியும் சேர்ப்பார்கள். முட்டை இல்லாமல் நானே மாற்றிச் செய்துகொண்டது இது: ஒரு கப் பொடி ரவை, கால் கப் மைதா, முக்கால் கப் சர்க்கரை, அரை கப் தயிர், அரை கப் பால், மூன்றில் ஒரு பங்கு கப் உருக்கிய நெய், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. கலந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். ரவை பாலைக் குடித்து இறுகிவிடும். இட்லி மாவுப் பதத்துக்கு வரும்வரை இன்னும் கொஞ்சம் பால் விடலாம். கடைசியாக ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர். அதற்குப் பிறகு காத்திருக்கக் கூடாது, அதனால் குக்கரை முன்பே காயவிட்டு வையுங்கள்.

குக்கரில் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றாமல் அடியில் உப்பு பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்துப் பத்து நிமிடம் காயவிட்டு, நெய் தடவி மாவை ஊற்றிய பாத்திரத்தை உள்ளே வைத்து மூடுங்கள். சின்னத் தீயில் நாற்பது நிமிடம். ஈர்க்குச்சி குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். ஆறிய பிறகு கவிழுங்கள்.

இந்த ஊர்ப் புழுக்கத்தை மறந்துவிடாதீர்கள். ரவையைத் தட்டில் பரப்பி வண்டு இருக்கிறதா என்று பாருங்கள். நல்லதாக இருந்தால் லேசாக வறுத்து, ஆறியதும் இறுக்கமான டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். பழைய பேக்கிங் பவுடரை அரைக் கரண்டி சுடுதண்ணீரில் போட்டால் உடனே நுரைக்க வேண்டும். நுரைக்காவிட்டால் புதுசு வாங்குங்கள், அதற்கு மட்டும் காசு செலவழிக்கலாம்.

மேலே அலங்கரிக்க ஜெல்லி வாங்கினால் கவனம். ஹலால் முத்திரை இருப்பதால் அது சைவம் ஆகிவிடாது, மாட்டு ஜெலட்டின் இருக்கலாம். அகர் அகர் என்றால் கடற்பாசி, பயமில்லை.

அப்புறம், சூடான குக்கரை அடுப்பு மேடையில் நேராக வைக்காதீர்கள். வட்டமாக ஒரு தழும்பு விழுந்ததற்காக எங்கள் பழைய வீட்டு உரிமையாளர் இரண்டு மாத டெபாசிட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டார். எத்தனை வருடம் ஆனாலும் அது ஆறவில்லை. குடிபோன அன்றே மேடை, சுவர், கதவு எல்லாவற்றையும் போட்டோ எடுத்திருக்க வேண்டும். நீங்கள் இன்றைக்கே எடுத்து வையுங்கள்.

என் மகனுக்கு அன்று சாயங்காலமே இரண்டாவது கேக் தயாரானது. பால் பவுடர் டின் மூடியை வைத்து அழுத்தி அக்கா வட்டமாக வெட்டினார், ஓரத்தில் உதிர்ந்ததை எனக்கு ஊட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை உங்கள் எதிர்வீட்டுக்கும் ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுங்கள். சனிக்கிழமை இரவு ஒரு முறை சின்ன அளவில் செய்து பாருங்கள். பதம் வரவில்லை என்றால் எழுதுங்கள், விழித்திருப்பேன்.