கொடைக்கானல் குளிரில் கார் ஹீட்டர் ஏன் காலை வாருகிறது?

கேள்வி: கீழக்கரையில் பழைய டீசல் கார் ஒன்று வாங்கினேன். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்றார்கள், 17-ஐத் தாண்டவில்லை. டிசம்பரில் கொடைக்கானல் போனபோது ஏற்றத்தில் ஹீட்டர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. ஊருக்குள் சுற்றும்போதும் இறக்கத்திலும் குளிர்காற்றுதான். 'டீசல்னா அப்படித்தான்' என்கிறார் மெக்கானிக். ஹீட்டரை மாற்றிவிடலாமா?

பதில்: அவர் சொல்வது பாதி சரி. கார் ஹீட்டருக்குத் தனி அடுப்பு கிடையாது. எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவமான கூலண்டின் சூடுதான் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் (குட்டி ரேடியேட்டர் மாதிரி) வழியாக உள்ளே வருகிறது. சிக்கனமான டீசல் எஞ்சினில் வீணாகும் சூடு குறைவு. இறக்கத்தில் கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசலே போகாது, சூடு எங்கிருந்து வரும்? குளிர் நாடுகளில் விற்கும் பல டீசல் கார்களில் இதற்காகவே கூடுதலாக மின்சார ஹீட்டர் வைப்பார்கள்.

ஆனால் கொடைக்கானல் குளிருக்கு அதெல்லாம் தேவையில்லை. மைலேஜும் குறைவு என்பதால் என் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல். எஞ்சின் சூடேறும்வரை கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு அது; அது வேலை செய்யாவிட்டால் எஞ்சின் போதிய சூடு பிடிக்காது, டீசலும் கூடுதலாகக் குடிக்கும். நம் பக்கத்து வெயிலுக்குப் பயந்து அதைக் கழற்றிவிடும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. ராமநாதபுரத்தில் ஓட்டும்வரை குறை தெரியாது. மலைக்குப் போனால்தான் குட்டு வெளிப்படும். பி.எஸ். 6 மாசு விதிப்படி வந்த கார் என்றால் இன்னும் கேடு: எஞ்சின் போதிய சூடு பிடிக்காவிட்டால் டி.பி.எஃப். (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) தன் கரியை எரிக்க முடியாமல் அடைத்துக்கொள்ளும்.

காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள் (ஃபேன் பக்கம் கை வேண்டாம்). பெரும்பாலான தெர்மோஸ்டாட் 80–90 டிகிரியில்தான் திறக்கும். அதுவரை ஹோஸ் பெரிதாகச் சுடாமல் இருந்து, பிறகு சட்டென்று சுட வேண்டும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது.

அது சரியாக இருந்தால், எஞ்சின் சூடான பிறகு ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் தொடுங்கள். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் கோரில் அடைப்பு. போர் தண்ணீர் ஊற்றிய கார்களில் இது சகஜம். நம் உப்புத் தண்ணீர் மெல்லிய குழாய்களில் படிந்து, அலுமினியத்தையும் அரிக்கும். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கலந்தே வரும் கூலண்டில் தண்ணீர் சேர்க்காதீர்கள். ஊற்றியதும் உள்ளே சிக்கிய ஏரை வெளியே எடுக்கச் சொல்லுங்கள், காற்று அடைத்து ஏர் லாக் ஆனாலும் ஹீட்டர் குளிரும்.

ஹீட்டர் கோரை மாற்றப் பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும், கூலி எகிறிவிடும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட்டை உங்கள் மாடலுக்கு உரியதா என்று பார்த்து, ரப்பர் வளையத்தோடு சேர்த்து வாங்குங்கள். எத்தனை டிகிரியில் திறக்கும் என்பது பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும்.