மூன்று துவக்கு, ஒரே ரவை: கலக்கக் கூடாதவை எவை?

கேள்வி: "ஒன்ராறியோவில் இருக்கும் என் மருமகன் மான் வேட்டைக்குப் போகிறவர். அவரிடம் மூன்று லீ-என்ஃபீல்ட் (பழைய பிரித்தானிய இராணுவத் துவக்கு), மூன்றும் .303 அளவு. இரண்டு நம்பர் 4 என்ற மாதிரி, ஒன்று கட்டையான நம்பர் 5. ஒரே ரவை என்றபடியால் செலவும் கரைச்சலும் குறையும் என்று நினைத்தார். இப்போது ஒரே பெட்டி ரவையை மூன்றும் மூன்று இடத்தில் சுடுகின்றன. சுட்ட கோதுகளுக்கு (ரவையின் பித்தளை உறை) திரும்ப மருந்து நிரப்பிப் போட்டால் ஒன்றில் போல்ட் (ரவையை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்பு உருளை) மூடுதில்லை. போன கிழமை ஒரு கோது குறுக்காக அறுந்து, முன்பாதி குழலுக்குள் நின்றுவிட்டதாம். ஒரே அளவு என்றால் ஏன் இப்படி? நான் அடுத்த மாதம் அங்கே போகிறேன். வரும்போது ஒன்றை ஊருக்குக் கொண்டுவர வழி உண்டா?" (வாசகர், கோண்டாவில்)

பதில்: கோது அறுந்ததை முதலில் பார்ப்போம். அதன் காரணம் தெரியும்வரை அந்தத் துவக்கால் இன்னொரு வெடி வைக்க வேண்டாம் என்று மருமகனுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

.303 ரவையின் அடியில் வெளியே தள்ளிய விளிம்பு ஒன்று உண்டு. குழலின் பின்முனையில் ரவை அமரும் அறைக்குள் அது எவ்வளவு தூரம் போய் நிற்க வேண்டும் என்பதை அந்த விளிம்புதான் தீர்மானிக்கிறது. போல்ட் முகத்துக்கும் விளிம்பு அமரும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். குறைந்த அளவு .064 அங்குலம். கூடிய அளவாக இராணுவக் கணக்கு .074 வரை விட்டது, அமெரிக்க வணிகத் தரம் .070 உடன் நிறுத்துகிறது. வெடிக்கும்போது கோதின் முன்பகுதி உப்பி அறைச் சுவரைப் பிடித்துக்கொள்ளும், அடிப்பகுதி மட்டும் போல்ட் முகத்தில் முட்டும்வரை பின்னுக்குப் போகும். இடைவெளி கூடக் கூட நடுவில் உள்ள பித்தளை அந்தளவுக்கு இழுபட்டு மெலியும். லீ-என்ஃபீல்டில் போல்ட்டைத் தாங்கும் பற்கள் பின்பக்கம் இருப்பதால் வெடிக்கும் கணத்தில் போல்ட் சற்று அமுங்கிக் கொடுக்கும், இழுவை இன்னும் கூடும். முன்பக்கம் பூட்டும் பி14 என்ற வேறு மாதிரித் துவக்கும் .303 தான், ஆனால் அதில் இந்தத் தொல்லை குறைவு.

இனி உங்கள் மருமகனின் வீட்டில் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று. கனடாச் சட்டப்படி இந்த வகைத் துவக்கை வீட்டில் வைக்கும்போது ரவை ஏற்றியிருக்கக் கூடாது. அதோடு போல்ட்டைக் கழற்றியோ, விசைப்பூட்டுப் போட்டோ, பூட்டிய பெட்டிக்குள் வைத்தோ பாதுகாக்க வேண்டும். பலர் போல்ட்டைக் கழற்றி ஒரே லாச்சிக்குள் போட்டுவிடுவார்கள். நம்பர் 4 இன் போல்ட் நம்பர் 5 க்குள் தடையில்லாமல் ஏறும், மூடும், சுடவும் செய்யும். ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் தொழிற்சாலையில் தன் துவக்குக்கென்றே அராவிப் பொருத்தப்பட்டது. மாறிப்போட்டால் இரண்டு பற்களில் ஒன்று மட்டும் சுமை தாங்கக்கூடும், ஹெட்ஸ்பேசும் கூடிக் குறையலாம். போல்ட் கைப்பிடியின் பின்புறம் அடித்திருக்கும் இலக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து, துவக்கு உடலில் உள்ள தொடர் இலக்கத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். மூன்றும் பொருந்தினால் நல்லது. அறுந்த கோது வந்த துவக்கில் பொருந்தாமல் இருந்தால், காரணம் அதுவாக இருக்கக்கூடும்.

இலக்கம் பொருந்தினாலும் துவக்குத் திருத்துபவரிடம் கொடுத்து அளக்க வேண்டும். கோ கேஜ் (குறைந்த அளவுக்கான அளவுக்கட்டை) போட்டால் போல்ட் மூட வேண்டும், ஃபீல்ட் கேஜ் (கூடிய அளவுக்கானது) போட்டால் மூடக் கூடாது. விரல் பலம் போதும், அமுக்கி மூடினால் அளவு பொய்யாகிவிடும். நம்பர் 4, நம்பர் 5 இரண்டுக்கும் போல்ட் தலை தனியாகக் கழலும், அதில் 0 முதல் 3 வரை இலக்கம் இருக்கும். இலக்கம் கூடும்போது தலை ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு நீளும். இடைவெளி கூடியிருந்தால் அடுத்த இலக்கத் தலையை மாற்றித் திரும்ப அளப்பார்கள். பழைய தலைகளில் இலக்கத்தையும் உண்மை நீளத்தையும் அப்படியே நம்ப முடியாது, அதனால் தபாலில் 3 ஆம் இலக்கத் தலையை வாங்கித் தானே முறுக்கிப் போடுவது வேலை அல்ல. உள்ளே நின்ற முன்பாதிக் கோதை எடுக்க அதற்கென்று ஒரு சிறு கருவி இருக்கிறது. ஸ்க்ரூட்ரைவரால் கிண்டினால் அறைச் சுவர் கீறுப்பட்டு, பிறகு ஒவ்வொரு கோதும் இறுகும்.

அடுத்தது, திரும்ப நிரப்பிய ரவையில் போல்ட் மூடாத கதை. சேறு பட்டாலும் ரவை ஏற வேண்டும் என்று இராணுவம் இந்த அறைகளைத் தோள்பட்டைப் பக்கம் (கோது கழுத்துக்கு ஒடுங்கும் இடம்) தாராளமாக வெட்டியது. அந்தத் தாராளம் துவக்குக்குத் துவக்கு வேறுபடும். ஒரு முறை சுட்ட கோது, தான் சுடப்பட்ட அறையின் உருவத்தை எடுத்துவிடும். பெரிய அறையில் சுட்டதைக் கழுத்து மட்டும் சுருக்கி நிரப்பினால், சிறிய அறைக்குள் அது போகாது. புதுப் பெட்டி ரவை மூன்றுக்கும் பொது. சுட்ட கோது பொது அல்ல.

இதற்கு இரண்டு வழி உண்டு. முழு நீளத்தையும் அச்சில் அமுக்கி எடுத்தால் கோது மூன்றிலும் போகும், ஆனால் ஒவ்வொரு தடவையும் தோள்பட்டை பின்னே போய்த் திரும்ப முன்னே இழுபடுவதால் மூன்று நான்கு வெடியிலேயே அடிப்பக்கம் மெலிந்துவிடும். கழுத்தை மட்டும் சுருக்கினால் பல மடங்கு நாள் உழைக்கும், ஆனால் அந்தக் கோது அந்த ஒரு துவக்குக்கு மட்டும்தான். .303 க்கு இரண்டாவது வழியையே நான் சொல்லுவேன். மூன்று நிறத்தில் மூன்று பெட்டி, கோதின் அடியில் அதே நிற மையில் ஒரு கோடு, பெட்டி மூடியில் துவக்கின் தொடர் இலக்கம், எத்தனையாவது நிரப்பல் என்பது. மருந்தின் அளவும் ஒவ்வொரு துவக்குக்கும் கையேட்டின் கீழ் அளவிலிருந்து தனித்தனியே ஏற வேண்டும். ஒன்றில் சாதுவாகப் போகும் உச்ச அளவு, அறை இறுக்கமான மற்றதில் அழுத்தம் கூடிப் போல்ட்டைத் தூக்க விடாது.

கோது அறுந்துவிடப் போவது முன்கூட்டியே தெரியும். விளிம்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் அளவு மேலே, கோதைச் சுற்றி மினுங்கும் வளையம் ஒன்று விழும். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை இரண்டு மில்லிமீற்றர் மடித்து, கோதுக்குள் விட்டு அடியிலிருந்து மேலே மெல்ல இழுத்தால், மெலிந்த இடத்தில் நுனி ஒரு பள்ளத்தில் தட்டுவது விரலுக்குத் தெரியும். தட்டினால் குறட்டால் நசித்து எறிந்துவிட வேண்டும். சுடும்போது கண்ணாடி கட்டாயம், அறுந்த கோதிலிருந்து வரும் வாயு பின்னால்தான் வரும்.

ஒரே ரவை மூன்று இடத்தில் படுவது பழுதே அல்ல. நம்பர் 4 இன் குழல் 25 அங்குலத்துக்குச் சற்றுக் கூட, நம்பர் 5 இன் குழல் 19 அங்குலத்துக்கும் குறைவு. அதனால் நம்பர் 5 இல் சன்னத்தின் வேகம் விநாடிக்கு 100 அடிக்கு மேல் குறையும். இரண்டு நம்பர் 4 கூட ஒன்றுபோல் சுடாது. .303 என்பது குழலின் உட்துளை அளவு மட்டும், சுருள் பள்ளத்தின் அடியில் அளந்தால் .311 முதல் .315 வரையும் வரலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரொறொன்ரோவுக்குப் பக்கத்து லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் செய்த சிலவற்றில் ஐந்துக்குப் பதில் இரண்டு பள்ளம்தான் இருக்கும், அவை அடி தட்டையான சன்னத்தைப் பெரும்பாலும் நன்றாகச் சுடும். முன்மரம் வெட்டியதா என்றும் பாருங்கள். முழு மரம் உள்ள நம்பர் 4 இல் மரத்தின் நுனி குழலைச் சில இறாத்தல் பலத்தில் மேல்நோக்கித் தாங்கி நிற்கும். வேட்டைக்கென்று மரத்தை வெட்டினால் அந்தத் தாங்கல் போய்க் குறி இடம் மாறும்.

ஆகவே மூன்றுக்கும் பொதுவான ஒரு ரவையைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் தனியாகக் குறி கட்ட வேண்டும். இராணுவ ரவையின் சன்னம் 174 கிறெயின் (சன்னத்தின் எடை அளவு), குறிகாட்டிகள் அதற்கே அளவிட்டவை. எனவே 150 ஐ விட 180 கிறெயின் முனை விரியும் சன்னம் பழைய குறிக்குக் கிட்டப் படும், மானுக்கும் போதும். நாலு கம்பனிப் பெட்டி வாங்கி, ஒவ்வொரு துவக்கிலும் குழல் ஆறவிட்டு ஐந்தைந்து வெடி. ஒன்றில் மட்டும் அபாரமாகச் சுடுவதை விடுத்து, மூன்றிலும் 100 மீற்றரில் ஆறேழு சென்ரிமீற்றருக்குள் அடங்குவதை எடுங்கள். பெட்டியில் உள்ள லொட் இலக்கம் (எந்தத் தொகுதியில் செய்தது என்பது) ஒன்றாக இருக்கும்படி ஒரு பருவத்துக்கானதை மொத்தமாக வாங்கினால் நல்லது. முன்குறித் தகடு .015 அங்குலப் படிகளில் கிடைக்கும், ஒரு படி 100 மீற்றரில் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர். வெடி மேலே பட்டால் உயரமான தகடு, கீழே பட்டால் கட்டையானது. நம்பர் 5 க்குக் குறி அலையும் என்ற பெயர் நெடுநாளாக உண்டு, அதைக் கிட்டத் தூரத்துக்கு என்று வைத்துக்கொள்வதே நல்லது.

மூன்றும் ஒரே அளவாக இருப்பது புத்தியான காரியமே. சட்டைப்பையில் வேறு ரவை இருக்க வழியில்லை என்பது பெரிய பாதுகாப்பு. நம் வன்னி விவசாயிகளின் பன்னிரண்டு போர் துவக்கையே எடுங்கள்: அதைவிட ஒடுங்கிய இருபது போர் ரவை ஒன்று தவறி அதற்குள் விழுந்தால் குழலின் உள்ளே போய்ச் சிக்கும், வெறுமை என்று நினைத்துப் பின்னால் பன்னிரண்டு போரைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். ஆனால் நாலாவது ஒன்று வாங்கும் ஆசை வந்தால் ஒரு எச்சரிக்கை. இந்தியாவின் இஷாப்பூரில் 1960களில் செய்த 2ஏ, 2ஏ1 துவக்குகள் பார்வைக்கு .303 போலவே இருக்கும், ஆனால் அவை 7.62 நேட்டோ ரவைக்கானவை. உருவத்தை நம்பாமல், அடித்திருக்கும் எழுத்தை வாசித்து வாங்க வேண்டும். மலிவாக வரும் பழைய இராணுவ .303 ரவையின் பற்றுமூடியில் (மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடி) உப்பு விடும் இரசாயனம் இருப்பதுண்டு. அதைச் சுட்ட அன்றே குழலுக்குள் கொதிநீர் ஊற்றி, துடைத்து, எண்ணெய் போட வேண்டும். எண்ணெய் மட்டும் போட்டால் உப்புக் கரையாது, துரு பிடிக்கும்.

ஊருக்குக் கொண்டுவருவது பற்றி: அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். இங்கே 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் துவக்கை இறக்குமதி செய்யவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. அனுமதிப்பத்திரம் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியது, நினைவுக்காக ஒரு வேட்டைத் துவக்கு என்பதற்கு அது கிடைக்காது. காணி கொத்தும்போது பழைய ரவை அகப்பட்டாலும் கையால் தொடாமல் பொலிஸுக்கு அறிவியுங்கள். மருமகனின் வேட்டைப் பையையோ ஜக்கெற்றையோ இரவல் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுவதாக இருந்தால், ஒவ்வொரு பொக்கெற்றையும் வெளிப்பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். ஒரு ரவையோ வெற்றுக்கோதோ தையலுக்குள் கிடந்தால்கூட கட்டுநாயக்காவில் நீங்கள்தான் நின்று பதில் சொல்ல வேண்டி வரும்.