நகை அடகுக்குப் போக வேண்டாம், அண்ணாச்சி

திருநெல்வேலி பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் போன வாரம் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்தார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நடிப்புதான் வேண்டும் என்கிறாள். வீட்டில் மூன்று நாளாக யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"பயப்படாதீங்க, பேசிக்கலாம்" என்றுதான் ஆரம்பித்தேன். அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து பழைய பில் ஒன்றை எடுத்து நீட்டினார். பின்பக்கம் பென்சில் கணக்கு. கோயம்புத்தூர் சித்தப்பா சொன்ன இன்ஜினியரிங் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு ஒரு தொகை. சென்னை மாமா சொன்ன மூன்று மாத சினிமா நடிப்புப் பயிற்சிக்கு இரண்டு லட்சம். அடியில் "நகை" என்று எழுதிக் கோடு போட்டிருந்தார். அதோடு ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டேன்.

இரண்டும் வேண்டாம். மனசு இல்லாத பிள்ளையை இன்ஜினியரிங்கில் தள்ளினால் அரியரும் கடனும்தான் மிஞ்சும். மூன்று மாதத்தில் எவரும் நடிகர் ஆவதில்லை. போட்டோ ஆல்பம் வேண்டுமானால் கிடைக்கும்.

பிள்ளையை ஏதாவது செய்து காட்டச் சொன்னேன். சினிமா வசனம் வரும் என்று நினைத்தேன். அவளோ, ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் சுடலைமாடன் கதை சொல்லும்போது குரல் மாறுவதைச் செய்தாள். அவர் மூச்சை எந்த இடத்தில் இழுக்கிறார் என்பதுவரை கவனித்து வைத்திருக்கிறாள். இதைப் படிப்பாகவே சொல்லித்தரும் இடம் இருக்கிறது, நம் பக்கத்தில்தான் யாரும் பேசுவதில்லை.

டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி. 1959-இல் தொடங்கியது, மத்திய அரசின் நிதியில் நடப்பது. மூன்று வருட டிப்ளமோ. குரல், உடலசைவு, யோகா, ஒப்பனை, ஒளியமைப்பு, மேடை அமைப்பு எல்லாம் முதல் வருடம் எல்லோருக்கும் உண்டு. நடிப்பா, இயக்கமா என்று பிரிவது அதற்கப்புறம். படிக்கிறவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை தருகிறார்கள். கல்லூரியில் நாடகம் கற்பிக்கும் வேலைக்கு அந்த டிப்ளமோ எம்.ஏ.வுக்குச் சமம். அங்கே படித்த நடிகர்கள் நஸீருதீன் ஷா, இர்ஃபான் கான் என்றால் வடக்கத்தி ஆள் என்பீர்கள். நம் நாங்குநேரியில் பிறந்த நாடக இயக்குநர் சே. இராமானுஜமும் அங்கே படித்தவர்தான். பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் சொல்லிக்கொடுத்தார்.

சேர்வது லேசில்லை. ஒரு வகுப்புக்கு முப்பது சொச்சம் பேர்தான். முதல் சுற்றில் தேறினால் டெல்லியில் சில நாள் பயிற்சிப் பட்டறை. அங்கே வைத்துத்தான் முடிவு. ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கெடுத்திருக்க வேண்டும், இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு தெரிய வேண்டும். வயது வரம்பு முப்பது.

அதனால் இப்போது அவசரமே இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. தமிழோ ஆங்கிலமோ சேருங்கள். வீட்டுச் சாப்பாடு, டவுன் பஸ். சாயங்காலம் இந்திப் பிரசார சபா பரீட்சைக்குப் படிக்கட்டும், பிராத்மிக்கில் தொடங்கி மேலே போகட்டும். வருடத்துக்கு இரண்டு நாடகம். சின்ன வேஷமானாலும் பரவாயில்லை. ஒவ்வொன்றுக்கும் நோட்டீஸ், போட்டோ, சான்றிதழ் மூன்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். விண்ணப்பம் வந்தபின் தேடினால் கிடைக்காது. டெல்லி தட்டிப்போனால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்தில் முதுகலை இருக்கிறது. அந்தத் துறையைத் தொடங்கியதே தமிழ் நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில்தான். அவரும் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்தான், பழைய திருநெல்வேலிச் சீமை. நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி விழுப்புரத்தில் இறங்கினால் அங்கிருந்து பஸ்.

"படிச்சு முடிச்சா நிலையான சம்பளம் வருமா சார்?" என்றார் அம்மா. வராது. சில மாதம் வேலை இருக்கும், சில மாதம் இருக்காது. அதனால்தான் கடன் வாங்காமல் படிக்கச் சொல்கிறேன். "நாளைக்கு இவளை யார் கட்டுவா" என்று அத்தை கேட்டாராம். ஃபீஸ் அத்தை கட்டுகிறாரா? இல்லையென்றால் அந்தப் பேச்சு வேண்டாம்.

கிளம்பும்போது அந்தப் பில்லைக் கிழிக்கப் போனேன். அண்ணாச்சி பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டார். முன்பக்கம் ஒரு மில்காரர் தர வேண்டிய பாக்கி இருந்ததாம்.